முட்டை உரியாமல் படுத்துவது ஏன்?

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில். இரண்டு வருடத்துக்கு முன் அம்மன் கோயில் கொடை முடிந்த மறுநாள், வந்திருந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டார்கள். மதியத்துக்கு முட்டைக் குழம்பு என்று அம்மா சொல்லிவிட்டாள். தலைக்கு ஒன்று வைத்தாலே 40 முட்டை. அவித்து உரித்துத் தருகிற வேலை என் தலையில் விழுந்தது.

கடைக்குப் போகவில்லை. ஆச்சியின் கோழிகளும் தெருவில் நாலைந்து வீட்டுக் கோழிகளும் அந்த இரண்டு மூன்று நாளில் இட்ட நாட்டு முட்டைகளைத்தான் சேர்த்து வைத்திருந்தோம். காலையில் எடுத்த ஆறேழு முட்டையில் கோழிச் சூடுகூட இன்னும் ஆறியிருக்கவில்லை. பெரிய சருவம் ஒன்றில் முட்டைகளை அடுக்கி, மூழ்குகிற அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பும் போட்டு அடுப்பில் ஏற்றினேன். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

உரிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஓட்டை எடுத்தால் அதோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வருகிறது. ஒரு துண்டு ஓட்டுக்கு ஒரு துண்டு முட்டை. பத்து முட்டை உரித்து முடித்தபோது தட்டில் கிடந்தவை எலி கொறித்த தேங்காய்ப் பத்தை மாதிரி இருந்தன. சித்தி வந்தாள், அத்தை வந்தாள், ஆளுக்கொரு யோசனை. வினிகர் விடு என்றாள் ஒருத்தி, எண்ணெய் விடு என்றாள் இன்னொருத்தி. அவித்து முடிந்த முட்டைக்கு என்னத்தை விட? கடைசியில் குழம்பு கைவிடப்பட்டு எல்லாம் பொடிமாஸ் ஆனது. ஆச்சி மட்டும், "கோழியக் குத்தம் சொல்லாதட்டி" என்று தன் கோழிகளுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோழிமேல் குற்றம் இல்லைதான். ஆனால் முட்டைமேல் கொஞ்சம் உண்டு, என்மேல் நிறைய உண்டு. எது எவ்வளவு என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வெளியே தெரிகிற ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் அதேதான். பார்க்க அடைத்த சுவர் மாதிரி இருந்தாலும் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு முட்டையில் 7,000 முதல் 17,000 வரை என்பார்கள். உள்ளே குஞ்சு வளர்ந்தால் அது மூச்சுவிட வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. ஓட்டுக்கு அடியில் இரண்டு மெல்லிய தோல்கள். வெளித்தோல் ஓட்டோடு ஒட்டியிருக்கும், உள்தோல் வெள்ளைக்கருவைச் சுற்றியிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போய், முட்டையின் அகன்ற முனையில் மட்டும் விலகி நிற்கும். அந்த இடைவெளிதான் காற்றறை. அவித்த முட்டையின் அடியில் ஒரு பள்ளம் இருக்குமே, அது இந்தக் காற்றறை விட்டுப்போன தடம்.

காற்றறை எப்படி வருகிறது என்பதும் சுவாரசியமான விஷயம். கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. முட்டை வெளியே வந்து ஆறும்போது உள்ளே இருப்பது கொஞ்சம் சுருங்கும், அந்த இடத்துக்குத் துளைகள் வழியே காற்று நுழையும். அக்கினி நட்சத்திரத்துப் பாளையங்கோட்டை வெயிலில் ஒரு முட்டை ஆறுவதற்கு ரொம்ப இடம் இல்லை என்பது வேறு விஷயம். நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரமும் துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, காற்றறை பெரிதாகிக்கொண்டே போகும்.

ஈரத்தோடு இன்னொன்றும் வெளியேறுகிறது. உரிகிற விஷயத்தில் அதுதான் முக்கியம். புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். கோலி சோடாவில் இருக்கிற அதே வாயு. புது முட்டையை உடைத்தால் வெள்ளைக்கரு கொஞ்சம் கலங்கலாக, பால் கலந்த மாதிரித் தெரியும். அதற்குக் காரணம் இந்த வாயுதான். பழைய முட்டையில் வெள்ளைக்கரு தெளிந்து நீர்த்திருக்கும். திறந்துவைத்த சோடாவில் மெல்ல மெல்ல விறுவிறுப்பு போவதுபோல, முட்டையிலிருந்தும் துளைகள் வழியே வாயு போய்க்கொண்டிருக்கிறது.

சோடாவுக்கு லேசான புளிப்பைத் தருவது அந்த வாயுதான், ஏனென்றால் தண்ணீரில் கரைந்தால் அது அமிலம். அது வெளியேற வெளியேற, மிச்சம் இருப்பதன் காரத்தன்மை ஏறும். பள்ளிக்கூடத்தில் பி.எச். என்று படித்திருப்போம்: 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே புளிப்புப் பக்கம், மேலே காரப் பக்கம். இந்தக் காரம் மிளகாய்க் காரம் இல்லை, சவுக்காரத்தின் காரம். கோழி இட்டவுடன் வெள்ளைக்கருவின் பி.எச். 7.6 அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். சில நாட்கள் போனால் 9.2 வரை ஏறிவிடும்.

இதற்கும் உரிப்பதற்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைக்கரு என்பது தண்ணீரும் புரதமும். சூடு பட்டதும் புரதங்கள் அவிழ்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. காரத்தன்மை குறைவாக இருக்கும்போது அவை தங்களுக்குள் பின்னிக்கொள்வதோடு நிற்காமல், பக்கத்தில் இருக்கிற உள்தோலையும் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தோலும் புரதத்தால் ஆனதுதான். காரத்தன்மை ஏறிய முட்டையில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. ஆக, நாம் உரிக்கும்போது ஓடு ஒட்டுகிறது என்கிறோமே, அது ஓடே இல்லை. தோல்தான் வெள்ளைக்கருவை விடாமல் பிடித்துக்கொண்டு, ஓட்டோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது.

ஆக, முட்டை எவ்வளவு புதுசோ அவ்வளவு தொல்லை. மீனும் கீரையும் புதுசாக இருந்தால் நல்லது என்று பழகிய நமக்கு இதை ஏற்பது கஷ்டம். பொரிக்கவும் ஆம்லெட்டுக்கும் ஆஃப்பாயிலுக்கும் புது முட்டைதான் அருமை. கல்லில் ஊற்றினால் ஓடாமல் குவிந்து நிற்கும். அவித்து உரிக்க மட்டும் அது ஆகாது.

கடை முட்டைக்கு இந்தச் சிக்கல் குறைவு. திருநெல்வேலிக் கடைகளுக்கு வருகிற வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் இட்டது. பண்ணையில் சேர்த்து, அட்டையில் அடுக்கி, லாரி ஏறி, மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று கைமாறி நம் வீட்டுக்கு வருவதற்குள் பெரும்பாலும் சில நாட்கள் ஓடிவிடும். அதுவும் நம் ஊரில் முட்டை ஃப்ரிட்ஜில் வைத்து வருவதில்லை, வெளியில் சும்மாதான் வருகிறது. வெயில் சூட்டில் வாயு வேகமாக வெளியேறும். எனவே கடையில் வாங்கிய முட்டை ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. "நாட்டு முட்டைக்குத் தோடு அப்படித்தான், ஒட்டும்" என்று ஊரில் சொல்வார்கள்; தோடு என்பது ஓடுதான். நாட்டுக் கோழி என்பதால் இல்லை, அது கூட்டிலிருந்து நேராகச் சட்டிக்கு வருகிறது என்பதால்தான். அதே நாட்டு முட்டையை ஒரு வாரம் வைத்திருந்து அவித்துப் பாருங்கள், ஒழுங்காக உரியும்.

ஆனால் வைத்திருப்பதில் ஒரு கவனம் வேண்டும். ஆச்சி முட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள், பார்க்க அழகாக இருக்கும். வீட்டில் சேவல் உண்டென்றால் அந்த முட்டைகளில் கரு கூடியிருக்கும். சித்திரை, வைகாசிச் சூட்டில் அடைக்கோழி உட்காராமலேயே உள்ளே வளர்ச்சி தொடங்கிவிடலாம். அதனால் நாட்டு முட்டையை வாரக்கணக்கில் வைப்பதென்றால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிரில் வாயு மெதுவாக வெளியேறும் என்பதால் ஒரு வாரம், பத்து நாள் தாராளமாக விடலாம்.

கையில் இருக்கும் முட்டை எத்தனை நாள் ஆனது என்று தெரியவில்லையா? ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதுசு. அடியிலேயே இருந்துகொண்டு அகன்ற முனை மேலே தூக்கி நின்றால் காற்றறை பெரிதாகியிருக்கிறது என்று பொருள். அவிப்பதற்கு அதுதான் சரியான முட்டை. மேலே மிதந்தால் ரொம்பப் பழசு, கூமுட்டையாக இருக்கலாம், விட்டுவிடுவது நல்லது.

சரி, வீட்டில் புது முட்டைதான் இருக்கிறது, இன்றைக்கே அவிக்க வேண்டும், என்ன செய்வது? இங்கேதான் என் குற்றம் வருகிறது.

அந்தப் பொடிமாஸ் மத்தியானத்துக்குப் பிறகு, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமைக்கிறாள். தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் வந்தது 1982இல். முட்டை அதில் சேர்ந்தது 1989இல், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றுதான் தொடங்கியது. இன்று பள்ளி நடக்கிற நாளெல்லாம் முட்டை உண்டு. அப்படி தினமும் நூற்றுக்கு மேல் அவித்து உரிக்கிறவளிடம் கேட்காமல் வினிகர் சித்தியிடம் கேட்டது என் தப்பு. அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்: "பச்சத் தண்ணிலயா போட்டிய?"

ஆமாம் என்றேன். "அப்ப ஒட்டத்தான் செய்யும். தண்ணி தளதளன்னு கொதிச்சப் பெறவு போடணும்" என்றாள். விளக்கம் எதுவும் இல்லை. விளக்கத்தை நான் பிறகு தேடிப் படித்துக்கொண்டேன்.

பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை மூட்டினால் சூடு மெதுமெதுவாக ஏறுகிறது. வெள்ளைக்கரு 60 டிகிரிக்குச் சற்று மேலேயே இறுகத் தொடங்கிவிடும், முழுக்கக் கெட்டியாக 80 டிகிரி வரை ஆகும். சூடு இப்படி ஆற அமர ஏறும்போது, தோலை ஒட்டியிருக்கும் வெள்ளைக்கருவுக்கு அந்தத் தோலோடு நன்றாகப் பிணைந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. அதே முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினால், வெளிப்பக்கத்து வெள்ளைக்கரு சட்டென்று இறுகிச் சுருங்கிவிடுகிறது. தோலைப் பிடிப்பதற்கு அவகாசம் இல்லை. தோசைக் கல்லை நினைத்துப் பாருங்கள். கல் காயும் முன்னே மாவை ஊற்றினால் ஒட்டிக்கொண்டு கிழியும், நன்றாகக் காய்ந்தபின் ஊற்றினால் தானே எழும்பி வரும். முட்டைக்கும் கல்லுக்கும் உள்ளே நடப்பது அச்சு அசலாக ஒன்றல்ல. ஆனாலும் கை நினைவு வைத்துக்கொள்ள இந்த ஒப்பீடு போதும்.

நான் பிறகு ஒரு நாள் ஒரே அட்டையில் இருந்த முட்டைகளில் ஆறை இப்படியும் ஆறை அப்படியும் போட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் ஆறில் மூன்று கிழிந்தன. கொதித்தண்ணீர் ஆறும் முழுசாக வந்தன. பன்னிரண்டு முட்டையை வைத்து ஊருக்குத் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனால் அதன் பிறகு நான் பழைய வழிக்குத் திரும்பவில்லை.

செய்முறை இவ்வளவுதான். முட்டை மூழ்கி, அதற்கு மேல் இரண்டு விரல் நிற்கும் அளவு தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். முட்டை ஃப்ரிட்ஜில் இருந்ததென்றால் முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். குளிர்ந்த முட்டை திடீரென்று கொதியில் விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று விரிந்து ஓட்டைப் பிளந்துவிடும். கையால் போடாமல் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். அகன்ற முனையில் ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று வெளியேற வழி கிடைக்கும் என்று சிலர் செய்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. எல்லாம் இறக்கியபின் அரை நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, பிறகு தீயைக் குறைத்து மெல்லக் கொதிக்கும்படி வையுங்கள். தளபுளவென்று கொதித்துக்கொண்டே இருந்தால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடையும். அதனால் வேறு லாபமும் இல்லை, கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அதே 100 டிகிரிதான்.

நேரம்: வழக்கமான கடை முட்டைக்கு, அறைச் சூட்டில் இருந்ததென்றால், 11 நிமிடம். மஞ்சள்கரு கொஞ்சம் ஈரப்பதமாக, பால்கோவா பதத்தில் வேண்டுமென்றால் 9. மஞ்சள்கரு ஓடுகிற பதம் என்றால் 6 அல்லது ஆறரை. அதை உரிப்பது மட்டும் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. நாட்டு முட்டை சின்னது, முழுக்க வேக 9 நிமிடம் போதும். தாமிரபரணிப் பாசன வயல்களில் அறுப்பு முடிந்ததும் வாத்துக் கூட்டத்தை மேய்ச்சலுக்கு ஓட்டி வருவார்களே, அவர்களிடம் வாங்கிய வாத்து முட்டை என்றால் பெரிசு, இரண்டு மூன்று நிமிடம் கூட வையுங்கள். காடை முட்டைக்கு 4 நிமிடம். அப்புறம், மாஞ்சோலை, ஊத்து மாதிரி மலைமேல் அவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். அங்கே 96 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், ஆகவே ஒன்றிரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் 40 முட்டைக்கு இந்த வழியும் காலை வாரிவிடும். நன்றாகக் கொதிக்கிற சட்டியில் 40 முட்டையை மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடுகிறது. தண்ணீர் மறுபடி கொதிக்க அடுப்பைப் பொறுத்து ஏழெட்டு நிமிடம்கூட ஆகலாம். பார்க்கப்போனால் அது பச்சைத் தண்ணீரில் போட்ட மாதிரிதான். சத்துணவு மையத்து அடுப்பு பெரிசு, அண்டாவும் பெரிசு, தண்ணீரும் நிறைய. அதனால் அக்காவுக்குப் பிரச்சினை இல்லை. வீட்டு அடுப்பில் செய்வதென்றால் பத்துப் பத்தாகப் போடுங்கள். அல்லது எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று உண்டு.

இட்லிக் கொப்பரை.

நம் ஊர்ப் பேச்சில் இட்லியும் அவிக்கிறோம், பனங்கிழங்கும் அவிக்கிறோம், முட்டையும் அவிக்கிறோம். தண்ணீரில் போட்டு வேக வைத்தாலும் ஆவியில் வைத்தாலும் நமக்கு ஒரே வார்த்தை. முட்டையை உண்மையிலேயே ஆவியில் அவித்தால் என்ன என்று நமக்குத்தான் தோன்றியதில்லை. கொப்பரையில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டு, ஆவி நன்றாகக் கிளம்பியபின் தட்டை வைத்து, குழிக்கு ஒரு முட்டை, மூடியைப் போட்டு 12 நிமிடம். தண்ணீர் கொஞ்சம் என்பதால் சீக்கிரம் கொதிக்கிறது, முட்டை வைத்ததும் கொதி அடங்குவதில்லை, உடனே ஆவி சூழ்ந்துகொள்கிறது. ஒவ்வொன்றும் தன் குழியில் அடங்கி இருப்பதால் மோதி உடைவதும் இல்லை. இரண்டு மூன்று அடுக்குத் தட்டு இருந்தால் இன்னும் வசதி. தட்டை வைக்கும்போது மட்டும் கை ஆவியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவிச் சூடு கொதிநீர்ச் சூட்டைவிடப் பொல்லாதது. வாழைக்காய், சோறு எதுவானாலும் குக்கரில் போட்டு ஒரு விசில் விடுகிறவர்கள் முட்டையையும் அதில் போடுவது உண்டு. உரிவதில் பெரிய குறை இல்லை. ஆனால் விசில் அடங்கும்வரை முட்டை உள்ளேயே வெந்துகொண்டிருக்கும், வேக்காடு நம் கையில் இல்லை.

வெந்ததும் உடனே குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். இதற்கு இரண்டு பயன். உள்ளே மிச்சமிருக்கும் சூட்டில் மேலும் வேகாமல் நிற்கும், அத்தோடு வெள்ளைக்கரு சுருங்கி ஓட்டிலிருந்து விலக இன்னும் கொஞ்சம் உதவும். 'குளிர்ந்த' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்தால் குழாயில் வருவது வெந்நீர். அதில் முட்டையைப் போட்டுப் பயன் இல்லை. ஐஸ் கட்டி இருந்தால் போடுங்கள், இல்லையா, மண்பானைத் தண்ணீர் போதும். பத்து நிமிடமாவது ஊறட்டும்.

உரிக்கும்போது அகன்ற முனையில் தட்டித் தொடங்குங்கள். அங்கே காற்றறை இருப்பதால் தோலுக்கு அடியில் விரல் நுழைய இடம் கிடைக்கும். ஓட்டை மட்டும் கிள்ளாமல் அந்த மெல்லிய தோலையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் மிச்சம் சட்டை கழற்றுவது மாதிரி வந்துவிடும். முட்டையை முழுக்கத் தரையில் உருட்டி ஓட்டில் சன்னமாக விரிசல் விழச் செய்து, தண்ணீருக்குள் வைத்தே உரித்தால் இன்னும் சுலபம். தண்ணீர் தோலுக்கு அடியில் புகுந்து வழிவிடும். ஒரு டம்ளரில் கால் பங்கு தண்ணீரும் ஒரு முட்டையும் போட்டு வாயை மூடிக் குலுக்குகிற வித்தையும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. என் தம்பி மகன் அதைச் செய்யத்தான் சமையலறைக்கே வருகிறான்.

இனி அன்றைக்கு எனக்குக் கிடைத்த யோசனைகள். உப்பு: ஓட்டைத் தாண்டி உள்ளே போய் உரிவதற்கு உதவாது. கொதிக்கிற சூட்டையும் ஏற்றாது. லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் கூடும். முட்டை விரிசல் விட்டால் வெளியே வழிகிற வெள்ளைக்கருவைச் சீக்கிரம் இறுகச் செய்து அடைக்கும், அந்த ஒரு நன்மை உண்டு. வினிகரும் அந்த வேலையைச் செய்யும். ஓட்டின் சுண்ணாம்பை அது மேலோட்டமாகக் கரைக்கிறது, குமிழ் குமிழாக வருவதைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று நமக்குத் திருப்தி. ஆப்பச்சோடா யோசனையில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, காரத்தன்மை ஏற வேண்டும் என்பது சரிதானே. ஆனால் பத்து நிமிடத்தில் அது ஓட்டையும் தோல்களையும் கடந்து உள்ளே போய்ப் பெரிதாக எதையும் மாற்றிவிடாது. கோழியிட்டு ஒரு வாரம் ஆன முட்டைக்கு அது தேவையும் இல்லை. எண்ணெய் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அத்தை இதைப் படிக்கக்கூடும்.

மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலும் கலந்த வளையம் விழுகிறதா? அது கெட்டுப்போன முட்டை இல்லை. அதிக நேரம் வெந்தால் வெள்ளைக்கருவின் புரதத்திலிருந்து கந்தகம் கலந்த வாயு பிரியும், அது மஞ்சள்கருவில் இருக்கும் இரும்போடு சேர்ந்து இந்த நிறத்தைத் தருகிறது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மஞ்சள்கரு வறண்டு தொண்டையில் அடைக்கும், ஒரு வாடையும் இருக்கும். ராத்திரி பரோட்டாக் கடைகளில் சாயந்தரமே அவித்துச் சூட்டோடு சூடாக வைத்திருக்கும் முட்டையில் இதை அடிக்கடி பார்க்கலாம். சால்னாவில் முங்கியபின் யார் கவனிக்கப் போகிறார்கள். வீட்டில் மேலே சொன்ன நேரத்தைத் தாண்டாமல், குளிர்ந்த தண்ணீரையும் மறக்காமல் இருந்தால் வளையம் விழாது.

அவித்த முட்டையை உரிக்காமல் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரை வைக்கலாம். உரித்ததை அன்றைக்கே சாப்பிட்டுவிடுவது நல்லது. நம் வெயிலில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பச்சை முட்டையைவிட அவித்த முட்டை சீக்கிரம் கெடும், மேலே இருந்த காப்புப் பூச்சு கொதியில் போய்விடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றிரண்டு கிழியத்தான் செய்யும். அதைக் குழம்பில் போடாமல் தனியே வையுங்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கி, கிழிந்த முட்டையை உதிர்த்துப் போட்டு, மிளகுத்தூள் தூவி இறக்கினால் சோற்றுக்கு ஆயிற்று. ஓட்டை ஆச்சி எடுத்துக்கொள்வாள். வெயிலில் காயப்போட்டு, உரலில் இடித்துத் தூளாக்கி, தவிட்டோடு கலந்து கோழிக்கு வைப்பாள். ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேரும் என்பது கணக்கு. நன்றாகத் தூளாக்கத்தான் வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருப்பாள். ஓடு ஓடாகவே போட்டால் கோழி அதை அடையாளம் கண்டுகொண்டு, கூட்டில் இட்ட முட்டையையே கொத்தப் பழகிவிடுமாம்.